மேடை, மைக், கூத்து: மன்றம் நடத்துவோர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபாவில் வாய்ப்பாட்டுக் கச்சேரி என்றாலே மைக் கீச்சிடுகிறது. பாடகர் மானிட்டரைக் கூட்டச் சொல்கிறார், கூட்டினால் மறுபடியும் கீச்சு. என்ன செய்வது? (சபா செயலாளர், காரைக்குடி)

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் கீச்சு. முதலில் மானிட்டர், அதாவது பாடகர் தன் குரலைத் தானே கேட்க வைக்கும் ஸ்பீக்கர், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேடையில் வழக்கமாக வைக்கும் கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். ஆகவே மானிட்டர் மைக்கின் முதுகுக்கு நேர் பின்னால், பாடகரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பல இடங்களில் அதைப் பாடகரின் பக்கவாட்டில் வைத்துவிடுகிறார்கள், தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சபைக்கான பெரிய ஸ்பீக்கர்கள் மைக் வரிசையைவிட நான்கைந்து அடியாவது முன்னால் நிற்கட்டும்.

அடுத்தது தூரம். ஒன்றரை அடி தள்ளி இருக்கும் மைக்கை முக்கால் அடிக்குக் கொண்டுவந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகக் கிடைக்கும், ஆம்பிளிஃபயரைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, மைக்குகளின் எண்ணிக்கை. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் கீச்சு வராமல் கூட்டக்கூடிய அளவு சுமார் 3 டெசிபெல் குறையும். நூற்றைம்பது பேர் அமரும் கூடத்தில் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் எதற்கு? அந்த வாத்தியம் தானே கேட்கும். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று போதும். மிருதங்கத்தை ஏற்றிவிட்டு அதற்கு ஈடாகக் குரலை ஏற்றுவதுதான் நம் சபாக்களில் காதைக் கெடுக்கிறது.

ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். குளிர்காற்று நேரே வாத்தியத்தின் மேல் விழுந்தால் தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து சுருதி நகரும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மாதந்தோறும் சொற்பொழிவு நடத்துகிறோம். சத்தம் பெரிதாக இருக்கிறது, சொல் புரியவில்லை என்கிறார்கள். (வாசகர், நாமக்கல்)

டைல்ஸ் தரை, வழவழப்பான சுவர், உயரமான கூரை. ஒவ்வொரு எழுத்தும் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழுகிறது. இங்கே ஒலியைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும். பின்சுவரில் கனத்த திரைச்சீலையைச் சுவரின் அகலத்தைப்போல் இரு மடங்கு துணி எடுத்து, மடிப்பு விழும்படி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். நடைபாதையில் ஜமுக்காளம் விரியுங்கள். மேடையோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர் அலறுவதைவிட, கூடத்தின் நடுவிலும் சிறிய ஸ்பீக்கர்கள் மெதுவாகப் பேசுவது நல்லது. ஆனால் ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு 50 மில்லிசெகண்ட் தாமதம் கொடுக்காவிட்டால் பின்வரிசைக்கு எல்லாமே இரண்டு தடவை கேட்கும். மிக்ஸரில் அந்த வசதி இருக்கிறதா என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். முட்டை அட்டை ஒட்டும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். எதிரொலி போகாது, தீப்பிடித்தால் ஆபத்து.

கேள்வி: தெருக்கூத்தை எங்கள் சமுதாயக் கூடத்துக்குள் இரண்டரை மணி நேரத்தில் நடத்த முடியுமா? (இலக்கிய மன்றம், செய்யாறு)

முடியும். ஆனால் கர்ண மோட்சத்தையோ பதினெட்டாம் போரையோ விடிய விடிய ஆடுகிறவர்களிடம் போய்ச் சுருக்கித் தரச் சொல்லாதீர்கள். கதையில் ஒரு பகுதியை மட்டும் முழுதாக ஆடட்டும். எந்தப் பகுதி என்பதை ஒரு மாதம் முன்பே கூத்து வாத்தியாரிடம் பேசி, அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க வாத்திய முழக்கமான களரி கட்டி, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வந்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷம் பாடி நுழைவதற்கே நல்ல நேரம் வேண்டும். அந்த வரவை வெட்டினால் கூத்தே போய்விடும். நான்கு வேஷத்துக்கு மேல் வேண்டாம்.

உயர்ந்த மேடையில் ஏற்றாதீர்கள். நாற்காலிகளை ஒதுக்கி, தரையில் இருபதுக்கு இருபது அடி விட்டு, மூன்று பக்கமும் மக்களை உட்கார வையுங்கள். வழுக்கும் டைல்ஸ் என்றால் தேங்காய்நார் விரிப்பின் விளிம்புகளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஜமுக்காளம் வேண்டாம், சுழன்றாடும்போது காலோடு வந்துவிடும்.

சட்டையில் குத்தும் காலர் மைக் மார்புப் பதக்கத்தில் இடிக்கும், வியர்வையில் நனையும். இருநூறு பேர் கூடத்தில் கூத்துக் குரலுக்கு மைக்கே தேவையில்லை, முகவீணை என்ற சிறிய ஊதுகுழலுக்கும் அப்படியே. ஆர்மோனியத்துக்கும் பின்பாட்டுக்கும் சேர்த்து ஒன்று வைத்தால் போதும். விளக்கு வெள்ளையாகவே இருக்கட்டும். சிவப்பு விளக்கில் சிவப்பு அரிதாரம் வெளுக்கும், பச்சை கறுக்கும். அத்தனை நேரம் எழுதிய முகம் வீணாகும். வேஷம் கட்ட மூன்று மணி நேரமாவது ஆகும். தரையில் உட்கார இடம், தண்ணீர்க் குழாய், நல்ல வெளிச்சம் உள்ள அறையைப் பிற்பகலிலேயே திறந்து கொடுங்கள். கிரீடமும் தோளணியான புஜகீர்த்தியும் கட்டியபின் குறுகிய கதவு வழியே வெளியே வர முடியாது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கலாமா? (அதே மன்றம்)

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கம், சமுதாயக் கூடம் போன்றவற்றில் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் வைப்பதற்கு விலக்கு உண்டு. அப்போதும் கதவு சன்னலைச் சாத்துங்கள், வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டாதீர்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபெல்.

கேள்வி: ஆறு மணிக் கூட்டத்தில் பேச்சாளர் ஏழு மணிக்குத்தான் மைக்கைத் தொடுகிறார். (வாசகி, தஞ்சாவூர்)

பொன்னாடைகளை எல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். வரவேற்பு ஐந்து நிமிடம், உரை நாற்பது, கேள்விக்கு இருபது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கினால் கேள்வி கேட்க எழுந்தவரே இன்னொரு சொற்பொழிவு நிகழ்த்துவது நிற்கும், கூச்சப்பட்டு எழாதவர் கேள்வியும் மேடைக்கு வரும்.