நகையை அடகு வைத்துக் கேமரா வாங்கலாமா?

வணக்கம் அம்மா. மகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள், ஆனால் அவசரமான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்த பெண் ஆவணப்படம்தான் எடுப்பேன் என்கிறாள், கேமராவுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறாள், வளையலை பேங்கில் வைத்து வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மற்றதையெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் இதைச் சொல்லலாம் என்றால், அதற்குள் நீங்கள் பேங்குக்குக் கிளம்பிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்வது கேமராவைத்தான், அவள் ஆசையை இல்லை. இன்று வாங்குகிற மிரர்லெஸ் கேமராவுக்கு இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த மாடல் வந்துவிடும், விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், அடகு வட்டி மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் லென்ஸ், லைட் எல்லாம் சேர்த்து நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், மதுரையிலேயே கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் நல்ல கேமராக்கள் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அதெல்லாம் பீரோவில்தான் தூங்கும். அந்த மாதங்களில் போய்ப் பேரம் பேசினால் வாடகை நன்றாகவே இறங்கும்.

காசு போட்டு வாங்க வேண்டியது ஒலிக்கான சாமான்களை. ஒரு நல்ல ரெக்கார்டர், இரண்டு காலர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன். ஆவணப்படத்தில் படம் கொஞ்சம் ஆடினாலும் இருட்டடித்தாலும் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீக்கடை வாசலில் ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறாள் என்று வையுங்கள். அவர் உயிரைக் கொடுத்துப் பேசுகிறார், பின்னால் கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. நாளைக்கு அந்தப் படத்தை ஒரு டிவியோ ஓடிடி தளமோ வாங்க வந்தால் முதலில் அந்தப் பாட்டின் உரிமைக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். அதற்குக் கேட்கிற பணம் மொத்தப் படத்தின் செலவைவிட அதிகமாக இருக்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பேட்டியையே தூக்கிப் போட வேண்டும். ரேடியோவை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் சிரித்துப் பேசத் தெரிவதும் இந்தத் தொழில்தான், அதற்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிற பழக்கம் வேண்டும்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். வழக்கமான 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 45 ஜிபி. ஒரு மணி நேரப் படத்துக்கு 60 மணி நேரம் எடுப்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம், அதுவே 2.7 டிபி, அதாவது 2,700 ஜிபி ஆகிவிடுகிறது. அதற்கு இரண்டு பிரதி வேண்டும், இரண்டாவது பிரதி வேறு வீட்டில் இருக்க வேண்டும், சித்தி வீட்டு அலமாரியில் இருந்தாலும் சரி. எடிட்டிங் மென்பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குத் தாராளம்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இதில் சோறு கிடைக்குமா என்று. ஆவணப்படம் எடுப்பதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. உங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் கருப்பு வெள்ளையில் வெள்ள நிவாரணம், அணை திறப்பு என்று ஒரு ரீல் ஓடும். அதை எடுத்தது மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன், 1948ல் ஆரம்பித்தது. மாதச் சம்பளத்தில் ஆவணப்படக்காரர்களை வைத்திருந்த இடம் அது. 2022ல் அதை என்எஃப்டிசி என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் அரசு வேலையாக இதைச் செய்யலாம் என்ற நினைப்பை விட்டுவிடலாம்.

அப்படியென்றால் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? கைத்தொழில் ஒன்று வைத்திருக்கிறார்கள். சிலர் எடிட்டிங், சிலர் ஒலிப்பதிவு, சிலர் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு. தொண்டு நிறுவனங்களுக்கும் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) வேலைகளுக்கும் பத்து நிமிடப் படம் செய்து கொடுக்கிறார்கள். வெளிநாட்டு டிவி குழு வந்தால் ஊரும் மொழியும் தெரிந்த ஆளாக, ஃபிக்ஸராக, கூடப் போகிறார்கள், அதில் தினக்கூலி நன்றாகவே இருக்கும். இப்படிச் சேர்த்த காசிலும் நேரத்திலும்தான் சொந்தப் படம் வளர்கிறது. உங்கள் மகளுக்கு நான் சொல்வது எடிட்டிங். அதை வீட்டில் இருந்தே செய்யலாம், ராத்திரியில் பஸ் பிடித்து வர வேண்டியதில்லை, மதுரையில் கல்யாண வீடியோவுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, மற்றவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டும்போதுதான் தான் எடுப்பதில் எது குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கல்யாண வீடியோ வெட்டுவது கேவலம் என்று அவள் முகம் சுளித்தால் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள்.

அப்படி வேலை வாங்கும்போது பாதிப் பணம் முன்கூட்டியே வர வேண்டும், எத்தனை முறை திருத்தித் தருவாள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 'சின்னத் திருத்தம்தான்' என்று ஆரம்பித்துப் பன்னிரண்டாவது பிரதி வரை இழுத்தடிப்பார்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். வருமானம் குறைவாக இருக்கும் வருடங்களில் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வந்துவிடும், ஆனால் பலர் செய்வதே இல்லை.

சொந்தப் படத்துக்கு வெளியிலிருந்து பணம் கிடைக்காதா என்றால், கிடைக்கும், மெதுவாக. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். இது பலருக்குத் தெரியவில்லை. கொல்கத்தாவில் டாக்எட்ஜ் என்று ஒரு பிட்சிங் மேடை, அதாவது படத்தைச் சொல்லிப் பணம் கேட்கிற மேடை, நடக்கிறது. உள்ளே இருப்பவர்கள் வெளிநாட்டு டிவி, நிதி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், அவர்கள் முன்னால் சில நிமிடங்களில் தன் படத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்த்தா நிதி, தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவின் ஆசிய ஆவணப்பட நிதி இரண்டும் நம் மாதிரி நாட்டுக்காரர்களுக்காகவே இருப்பவை. எல்லா இடத்திலும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான்: இரண்டு வரியில் படம், நாலைந்து பக்கத்தில் அது எப்படி நகரும் என்ற விவரம், பட்ஜெட், ஏற்கெனவே எடுத்ததிலிருந்து ஐந்து நிமிடம். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரலாம், ஆடிட்டரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுமலை யானைப் படம் ('தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்') 2023ல் ஆஸ்கர் வாங்கியதும் ஊரெல்லாம் கொண்டாடியது, சுமார் 40 நிமிடப் படம் அது, ஐந்து வருடம் எடுத்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் 1997ல் மும்பை ரமாபாய் நகர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தொடங்கிய 'ஜெய் பீம் காம்ரேட்' படம் 2011ல்தான் முடிந்தது. நம் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்தை 1940ல் வெளியிட்டார், அதற்காகக் கப்பல் ஏறி நாடு நாடாகப் போய் அலமாரிகளில் கிடந்த ஃபிலிம் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வதைவிட இது அவளுக்குப் பிடிக்கும்.

படிப்பு விஷயம். டிகிரி இருப்பதால் புனே திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ராய் இன்ஸ்டிடியூட் இரண்டுக்குமே நுழைவுத்தேர்வு எழுதலாம், இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள், மூன்று வருடப் படிப்பு. டைரக்‌ஷனுக்குத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள், அவளை எடிட்டிங்கோ ஒலிப்பதிவோ கேட்கச் சொல்லுங்கள். டெல்லி ஜாமியாவின் மாஸ் கம்யூனிகேஷன் எம்.ஏ. படித்துவிட்டு ஆவணப்படத்துக்கு வந்தவர்கள் நிறைய. உங்கள் சின்ன மகன் பிளஸ் டூ என்று எழுதியிருந்தீர்கள், அவனுக்கும் இந்தக் கிறுக்கு பிடித்தால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது, பிளஸ் டூவிலிருந்தே சேரலாம். ஆறு மாதத்தில் இயக்குநர் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் இடங்களுக்கு மட்டும் போகவே வேண்டாம்.

எங்கும் இடம் கிடைக்காவிட்டாலும் திருவனந்தபுரம் இருக்கிறது. கேரள அரசின் சலச்சித்ர அகாடமி அங்கே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமாகவே ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. விருதுநகரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் அரை நாள் பயணம். ஐந்தாறு நாள் காலை முதல் இரவு வரை படம் பார்த்து, இடைவேளையில் டீ குடிக்க வரும் இயக்குநரிடம் எவ்வளவு செலவாச்சு என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டு வரட்டும். அங்கே கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அவள் எடுக்க நினைக்கும் படம், பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான், உங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் ஆலைக்குள் செல்போனையே விடமாட்டார்கள், கேமராவும் பேட்டரியும் லைட்டும் எப்படிப் போகும்? போகவும் கூடாது, அது வெடிமருந்து இருக்கும் இடம், ஒரு பொறி போதும். அதனால் படம் ஆலைக்கு வெளியில்தான் நடக்க வேண்டும். விடியற்காலை வேன் வருவதற்குள் அடுப்பு வேலையை முடிப்பது, சனிக்கிழமை சம்பளம் வாங்கிவந்து வாரவட்டிக்காரனுக்கும் மளிகைக் கடைக்கும் பிரித்து வைப்பது, கையில் ஒட்டிய சில்வர் பவுடரைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது. இதையெல்லாம் பக்கத்துவீட்டுப் பெண் எடுத்தால்தான் எடுக்க முடியும், சென்னையிலிருந்து வருகிற குழுவால் முடியாது. அவளுடைய முதல் மூலதனம் அதுதான், அதற்கு வட்டியும் கிடையாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதோடு விட முடியாது. படம் வெளியே வந்தபின் அதில் பேசிய ஒரு அக்காவை ஆலை மேனேஜர் வேலையைவிட்டு நிறுத்தினால் நீ என்ன செய்வாய் என்று மகளைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் முகத்தைக் காட்டாமல் எடுக்கவோ, காத்திருக்கவோ அவள் தயாராக இருக்க வேண்டும்.

பெற்றவள் என்ற முறையில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன், வம்பு வருமா என்று. வரலாம். கையால் மலம் அள்ளுவோரைப் பற்றி 2017ல் ஆவணப்படம் எடுத்த திவ்யபாரதிக்கு நம் ஊரிலேயே திரையிடல்கள் தடுக்கப்பட்டன, வழக்கும் வந்தது, படத்தை யூடியூபில் விட்டார். பொது அரங்கில் காட்ட சென்சார் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம், திரைப்பட விழாக்களுக்கு அமைச்சகம் விலக்கு கொடுப்பதுண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பர் அவள் போனில் இருக்கட்டும், வெளியே படம் எடுக்கப் போகும்போது எங்கே, யாரோடு என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான்.

டிஎன்பிஎஸ்சியும் படிக்கட்டும், படமும் எடுக்கட்டும் என்று அப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, குரூப் 4க்கே வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளோடு அரை மனதாகப் போட்டி போட முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு வருடம் கொடுங்கள், சாப்பாடும் இடமும் உங்களுடையது. ஆறு மாதத்துக்குப் பிறகு போன் ரீசார்ஜ், பஸ் செலவு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அவள் எடிட்டிங்கில் சம்பாதித்தது. வரவு செலவு ஒரு நோட்டில். இரண்டு வருட முடிவில் இருபது நிமிடப் படம் ஒன்று முடிந்திருக்க வேண்டும், அது எங்கேயும் தேர்வாகாவிட்டாலும் பரவாயில்லை. படமும் இல்லை, எடிட்டிங்கில் வருமானமும் இல்லை என்றால் அப்பா சொன்ன வழிக்கு அவள் வரட்டும், 23 வயதில் எதுவும் தாமதம் இல்லை.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். படத்தை ஒரே பக்கத்தில், தமிழில் எழுதட்டும்: யார் யார் வருகிறார்கள், ஒரு வருடத்தில் அவர்கள் வாழ்க்கையில் என்ன நடக்கப் போகிறது, அவளை ஏன் வீட்டுக்குள் விடுவார்கள். அந்தப் பக்கத்தை முதலில் அப்பாவிடம் கொடுங்கள். படித்துவிட்டு, எவ்வளவு வரும் என்பதைத் தவிர வேறு ஏதாவது ஒரு கேள்வி அவர் கேட்டால், அதையும் கீழே எழுதி எனக்கு அனுப்புங்கள்.