எகிப்திய பெல்லி நடனத்தையும் துருக்கியதையும் எப்படி வேறுபடுத்துவது?

"இரண்டிலும் இடுப்புதானே ஆடுகிறது, என்ன பெரிய வித்தியாசம்?" என்பது கேள்வி. இடுப்பை விடுங்கள், முதலில் தாளத்தைக் கவனியுங்கள்.

எகிப்திய ஆட்டத்துக்குப் பெரும்பாலும் மக்ஸூம் என்ற 4/4 தாளம்: தும் தெக், தெக் தும், தெக் (தும் என்பது மேளத்தின் கனத்த அடி, தெக் என்பது கூர்மையான அடி). ஆடுபவரின் எடை தரையை நோக்கி இறங்கியிருக்கும்; அசைவு சிறியது, அடிவயிற்றிலிருந்து எழுவது. கெய்ரோவில் நடனக் கலைஞர் பதியா மசாப்னி 1926-இல் திறந்த கேளிக்கை அரங்கு இதற்கு மேடை வடிவம் தந்ததில் பெரும்பங்கு வகித்தது. அந்த நிதானம்தான் இதன் அழகு என்பேன்.

துருக்கிய ஆட்டம் துள்ளலானது. வீச்சு பெரிது, தரையில் மண்டியிட்டுப் பின்னால் வளைவதும் உண்டு. விரல்களில் ஸில் எனும் சிறு ஜால்ராக்கள் கணீரென்று ஒலிக்கும். ரோமா (ஜிப்ஸி) மக்களின் 9/8 தாளம் இதில் கலந்திருக்கிறது. அதை 2+2+2+3 என்று எண்ண வேண்டும். புதியவர்கள் கடைசி மூன்றையும் இரண்டாகவே எண்ணிவிடுவார்கள். அடுத்த சுற்றில் கால் ஓர் எண்ணிக்கை முந்திவிடும்.

இரண்டுக்கும் பொதுவான பிழை ஷிம்மியில், அதாவது இடுப்பை வேகமாக அதிரவைக்கும் அசைவில், வரும். முழங்கால்கள் மாறி மாறி மடங்கி நிமிர்வதால்தான் இடுப்பு அதிர்கிறது. முழங்காலை விறைத்துப் பூட்டினால் அதிர்வு இடுப்பில் நிற்காமல் தோளுக்கு ஏறிவிடும், கீழ்முதுகும் வலிக்கும்.