வாடகை வீட்டில் பிறவுணிக்கும் மீனுவுக்கும் ஒரு மூலை: 385,000 ரூபா செலவழிக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகள். கூடவே பிறவுணி என்ற மூன்று வயது ஊர் நாய், மீனு என்ற எட்டு மாதப் பூனை. ஹோலின் ஒரு மூலையையும் பல்கனியையும் இவை இரண்டுக்குமாக வசதியாகவும் வடிவாகவும் அமைக்க ஆசை. உள்ளக வடிவமைப்பாளர் ஒருவர் தந்த மதிப்பீடு இது: யன்னலுக்குக் கீழே சுவரோடு சேர்த்த பெட்டி இருக்கை, அதற்குள் நாயின் படுக்கையும் பூனையின் மண் தட்டும், 165,000, சுவரில் பூனை ஏறும் படிகள் 60,000, தரைக்கு ஒட்டும் வினைல் 70,000, பல்கனிக்கு வலை 55,000, வடிவமைப்புக் கட்டணம் 35,000. மொத்தம் 385,000 ரூபா. இருவரின் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 290,000. வாடகை 95,000. ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதம். பிராணிகளுக்கு மாதம் 18,000 போகிறது. எல்லாம் போக 25,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 90,000 இருக்கிறது. மகளின் படிப்புக்கென்று 800,000 நிலையான வைப்பில் உள்ளது, ஐந்து மாதத்தில் முதிரும். அதை உடைப்பதா, கடனட்டையில் 12 மாதத் தவணை போடுவதா? வட்டி இல்லையாம், 8 வீதம் கையாளுகைக் கட்டணம் மட்டும்தானாம். கணவர் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் 30 வீதம் எடுக்கலாமே என்கிறார்.

பதில்: வணக்கம் சகோதரி. வைப்பை உடைக்க வேண்டாம், தவணையும் போட வேண்டாம். ஈ.பி.எஃப். பற்றிய பேச்சை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய அந்த 30 வீதம் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் உரியது. வீட்டுத் தேவை என்றால் காணி வாங்குவது, வீடு கட்டுவது போன்றவை. பூனைப் படி அதில் வராது.

ஆனால் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் மூலையை 120,000 ரூபாவுக்குள் அமைக்கலாம். அது அடுத்த வீட்டுக்கும் உங்களோடு வரும்.

மதிப்பீட்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது மொத்தத் தொகை அல்ல. அதில் எவ்வளவு பெரிய பங்கு வீட்டுக்காரரின் சுவரிலும் தரையிலும் ஒட்டப் போகிறது என்பதுதான். பெட்டி இருக்கை, சுவர்ப் படி, வினைல் மூன்றும் சேர்ந்து 295,000. உங்களிடம் இருப்பது 14 மாதம். வகுத்துப் பாருங்கள், மாதம் 21,000க்குக் கொஞ்சம் மேல் வரும். அதாவது இந்த 14 மாதமும் உங்கள் வாடகை 95,000 இல்லை, 116,000. வீட்டுக்காரர் வாடகையை 21,000 கூட்டியிருந்தால் அன்றைக்கே வேறு வீடு பார்க்கப் புறப்பட்டிருப்பீர்கள்.

இது இத்தோடு முடியாது. கொழும்பு வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ‘பொறுப்பேற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். இருந்தால், போகும்போது இருக்கையைக் கழற்றி, ஓட்டைகளுக்குப் பட்டி போட்டு, பெயின்ற் அடித்து, தரையில் காய்ந்த பசையைச் சுரண்டிக் கொடுக்க வேண்டியது நீங்கள். செய்யாவிட்டால் அட்வான்ஸ் காசில் கழிப்பார். ‘நல்லாயிருக்கு, விட்டுட்டுப் போங்க’ என்று அவர் சொன்னாலும் லாபம் உங்களுக்கில்லை. அடுத்த குடியிருப்பாளருக்கு அதையே காட்டி வாடகையைக் கூட்டுவார். ஒப்பந்தத்தை எடுத்த கையோடு வளர்ப்புப் பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வாய்ச் சம்மதத்தை நம்பாமல் ஒரு வட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வையுங்கள்.

இனித் தவணைக் கணக்கு. 385,000க்கு 8 வீதம் 30,800. மொத்தம் 415,800. பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 34,650. உங்களுக்கு மிஞ்சுவதே 25,000. மீதி 9,650 ஒவ்வொரு மாதமும் எங்கிருந்து வரும்? அதே கடனட்டையிலிருந்துதான் வரும். இப்படித்தான் ‘வட்டியில்லாத் தவணை’ எடுத்த பலர் ஆறாம் மாதத்தில் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அந்த 8 வீதமும் 8 வீதம் அல்ல. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால் நீங்கள் முழுத் தொகையையும் ஒரு வருடம் வைத்திருக்கப் போவதில்லை. கட்டணம் மட்டும் முழுத் தொகைக்கும். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 14, 15 வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு தவணை பிந்தினால் திட்டம் ரத்தாகி, மீதி முழுவதும் வழமையான கடனட்டை வட்டிக்கு மாறும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். ஒப்பமிட முன் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில், மதிப்பீட்டின் அடியில் ‘வரிகள் நீங்கலாக’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கவனித்தீர்களா? 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். அதைச் சேர்த்தால் 385,000 என்பது 454,300 ஆகிவிடும். எல்லா வடிவமைப்பாளரும் வற் பதிவு செய்தவர்கள் அல்ல. பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது. அதனால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த 90,000. உங்கள் வீட்டின் மாதச் செலவு 265,000. அப்படியென்றால் கையிருப்பு பத்து நாள் செலவுக்குத்தான் காணும். இந்த நிலையில் பிறவுணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து இரத்தப் பரிசோதனை, சேலைன், நாலு நாள் மருந்து என்று மிருக வைத்தியரிடம் அலைந்தால் எந்தக் காசை எடுப்பீர்கள்? மெத்தை எவ்வளவு வடிவாக இருந்தாலும் அந்தச் செலவு வரத்தான் செய்யும். ஆகவே முதல் வேலை, மிஞ்சும் 25,000இல் 5,000ஐப் பிராணிகளின் வைத்தியத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கில், சம்பள நாளிலேயே தானாகப் போகும்படி ஒழுங்கு செய்வது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை அரசாங்கத் திட்டங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவில் விசாரியுங்கள். மற்றத் தடுப்பூசிகளுக்கும் உண்ணி மருந்துக்கும் காசு வேண்டும். மீனுவுக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லையென்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான்.

மீதி 20,000. ஆறு மாதத்தில் 120,000. இதுதான் உங்கள் மூலையின் வரவு செலவுத் திட்டம்.

முதலில் வலை. மதிப்பீட்டில் நான் கை வைக்காத ஒரே வரி அதுதான். நாலாம் மாடி, எட்டு மாதப் பூனை, பல்கனிக் கம்பியில் வந்து உட்காரும் காகம். யோசிக்க வேண்டாம், இந்த மாதமே செய்யுங்கள். 55,000ஐச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து மூன்று மாதத்துக்குள் திருப்பிப் போட்டுவிடுங்கள். அந்த மூன்று மாதமும் கையிருப்பு மெலிந்துதான் இருக்கும், வேறு பெரிய செலவு வைக்காதீர்கள். ஆனால் வேலைக்காரர் கொண்டுவரும் கொக்கியைக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்புக் கொக்கி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து, சுவரில் செம்மண் நிறத்தில் வழியத் தொடங்கும். கடலோரத்துக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பல்கனியின் உட்பக்கமாகக் கட்டினால் கழற்றிக்கொண்டு போகலாம். கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றியதாக முகாமைத்துவக் குழுவின் கடிதமும் வராது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கட்டுங்கள்.

வினைலை முழுவதுமாக வெட்டிவிடுங்கள். கொழும்புச் சூட்டில் நாய் எங்கே படுக்கிறது என்று ஒரு மத்தியானம் பாருங்கள். மெத்தையை விட்டுவிட்டு, வெறும் டைல்ஸில் வயிற்றை ஒட்டி, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டிக் கிடக்கும். அந்தக் குளிர்ச்சியை 70,000 கொடுத்து மூடப் போகிறீர்கள். மூடினாலும் பொருத்துகளுக்குள் மூத்திரம் இறங்கினால் அந்த மணம் போகாது.

பெட்டி இருக்கைக்கு நான் சொல்வது, அதையே கால் வைத்த தனிப் பொருளாகச் செய்விப்பது. படத்தில் அது எம்.டி.எஃப்., அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தரையோடு ஒட்டி நிற்பதால் தினமும் மொப் தண்ணீரைக் குடித்து அடிப்பக்கம் பொருமிவிடும். மொறட்டுவைப் பக்கம் தெரிந்த தச்சுப் பாஸ் ஒருவரைப் பிடியுங்கள். இறப்பர் மரமோ மஹோகனியோ, மூன்று அங்குலக் கால், பின்பக்கமும் பக்கவாட்டும் காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டம், மேலே மனிதர் உட்காரும் பலகை. அளவை அவரிடம் விடாதீர்கள். பிறவுணி பக்கவாட்டில் கால் நீட்டித் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்து, அரை அடி கூட்டிக் கொடுங்கள். உச்ச வரம்பு 42,000. அதற்கு மேல் சொன்னால் மரத்தை மாற்றுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். நாலாம் மாதம் காசு சேரத் தொடங்கும்போது சொல்லி வைத்தால் போதும். அதுவரை பழைய மெத்தையைச் சாரத்தால் சுற்றிப் போட்டாலும் பிறவுணி ஒன்றும் கோபிக்காது.

மீனுவின் மண் தட்டை நாயின் படுக்கைக்குப் பக்கத்தில், அதே பெட்டிக்குள் வைக்கச் சொன்னவர் நாயும் பூனையும் ஒன்றாக வளர்த்தவராக இருக்க முடியாது. பூனையின் பீயை நாய் தின்னும். நாய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்குப் பூனை போகாது. பிறகு உங்கள் சோபாவுக்குப் பின்னால் போகும். தட்டைத் துணி துவைக்கும் மூலைக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சுவர்ப் படிக்குப் பதிலாக உங்களிடம் இருக்கும் புத்தக ராக்கையின் மேல் இரண்டு தட்டையும் அலுமாரி மேலையும் மீனுவுக்குக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு தடித்த கம்பம், கனமான அடிப்பலகை, புறக்கோட்டையில் வாங்கிய தும்புக் கயிறு. பூனை முன்காலைத் தூக்கி முழு நீளத்துக்கு உடம்பை நீட்டிக் கீறும், எனவே கம்பம் மூன்றடிக்குக் குறையக் கூடாது, ஆடவும் கூடாது. ஒருமுறை ஆடினால் திரும்பி வராது, சோபாவுக்குத்தான் ஆபத்து. கயிறு சுற்றுவதை மகளிடம் கொடுங்கள். இந்த வேலை முழுவதற்கும் 13,000 வைத்திருக்கிறேன்.

மீதி 10,000 துணிக்கு. வடிவு என்பது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. திரைச்சீலையின் நிறத்துக்கு ஒத்த கைத்தறித் துணியில் உறை, கட்டாயம் இரண்டு சோடி, கழற்றித் துவைக்க சிப் வைத்து. மே தொடக்கம் செப்டெம்பர் வரை உங்கள் பல்கனியில் எதுவும் லேசில் காயாது. ஒன்று காயும்வரை மற்றது வேண்டும். பிறவுணியின் மயிர் என்ன நிறமோ அதற்கு நெருங்கிய நிறம் எடுங்கள். கபில நாய்க்குக் கடல்நீல உறை வாங்கிவிட்டுத் தினமும் பிரஷ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடிவமைப்பாளருக்கு 35,000 கொடுக்கத் தேவையில்லை. அவர் வந்து பார்த்த நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால், வருகைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தச்சுப் பாஸிடம் ஓடுவது முறையில்லை.

வைப்பு பற்றிக் கடைசியாக ஒன்று. முதிரும் முன் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்காது, குறைந்த வீதத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதை ஐந்து மாதம் தொடாமல் விட்டு, முதிரும்போது 500,000, 300,000 என்று இரண்டு வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். திடீர்த் தேவை வந்தால் சின்னதை மட்டும் உடைக்கலாம், பெரியதன் வட்டிக்குப் பாதிப்பில்லை. வட்டியில் 10 வீதம் வரியாகக் கழித்துத்தான் கைக்கு வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி வைப்பைப் பெரும்பாலும் தன்பாட்டில் ஒரே தொகையாகப் புதுப்பித்துவிடும். அதனால் ஒரு கிழமை முன்னதாகவே அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்வாருங்கள்.