மல்லிகைப் புதர் மறுபடி பூக்குமா?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் நூறு குண்டுமல்லிச் செடிகள் வைத்திருக்கிறோம். மூன்று வருடமாகக் கவாத்து செய்யாததால் புதர் மண்டி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நுனியில் மட்டும் பூக்கிறது, அதுவும் பொடிப்பூ. பிடுங்கிவிட்டுப் புதுச்செடி நடலாமா?

பதில்: தூர் நன்றாக இருந்தால் பிடுங்க வேண்டாம். மல்லிகை புதுத்தளிரில்தான் பூக்கும். புதருக்குள் வெயில் புகாததால் தளிர் நுனிக்கு ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யுங்கள். நம் பக்கம் அது மழைக்காலம். இரண்டு மூன்று நாள் வெறித்த பிறகே கத்தரியை எடுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறும். காய்ந்ததையும் நோய் கண்டதையும் முதலில் அடியோடு எடுத்துவிட்டு, மீதியைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் வெட்டுங்கள். அரிவாளால் ஓங்கிப் போட்டால் கட்டை பிளக்கும், தூரும் ஆடிவிடும். தடித்த கட்டைக்கு ரம்பம்தான் சரி. வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக்கொல்லி) தடவுங்கள்.

செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம், யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். தண்டை ஒட்டிப் போடாமல் ஓரடி தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடுங்கள். இதே அளவு உரம், தொழுவுரம் நீங்கலாக, ஜூன்-ஜூலையில் மறுபடி. நம் ஊர் மணலில் யூரியா நிற்காது, நீரோடு கீழே போய்விடும். அதை மட்டும் இரண்டாகப் பிரித்து இடுவது லாபம்.

தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளியுங்கள். இலை ஓரம் கருகினால் கிணற்று நீரின் உப்பைச் சந்தேகியுங்கள். அதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை.

வெட்டிய குச்சிகளை எரித்துவிடாதீர்கள். நம் ஊர் நாற்றுக்கு வெளியூரிலும் கிராக்கி உண்டு. நோயில்லாத, அரைமுற்றலான குச்சியாக, மூன்று கணு விட்டு நறுக்கி நிழலில் மணல் பாத்தியில் ஊன்றலாம். கிழட்டுக் கட்டை லேசில் வேர் விடாது.

கேள்வி: கவாத்து முடிந்து ஒரு மாதமாகியும் சில செடிகள் துளிர்க்கவில்லையே?

பதில்: பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் பொறுங்கள். பழுப்பென்றால் பச்சை தெரியும் இடம்வரை இறக்கி வெட்டுங்கள். வேரே அழுகியிருந்தால் பிடுங்கி, பழைய மண்ணை அப்புறப்படுத்தி, குழியை ஆறவிட்டு ஜூனுக்குப் பிறகு புதுநாற்று வையுங்கள்.