செய்திகளும் சமய நம்பிக்கையும்: கேள்வி பதில்

நடப்புச் செய்திகளைச் சமய நோக்கில் பேசுவது என் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நிலநடுக்கம், வெள்ளம் என்றாலே 'கடவுள் கொடுத்த தண்டனை' என்கிறார்கள் சிலர். நீங்கள் ஏன் அப்படிச் சொல்வதில்லை?

பதில்: சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்றார் காந்தி. தாகூர் கடுமையாக மறுத்தார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்பது அவர் வாதம். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். அந்தப் பெருந்தன்மையை மதிக்கிறேன். தீண்டாமை பாவம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இதில் நான் தாகூர் பக்கம்தான். தீண்டாமைக்கு ஆளானவர்களையும் சேர்த்துத்தானே நிலநடுக்கம் தாக்கியது?

சமய நூல்களுக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார் (விவிலியம், லூக்கா 13). கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னாரே தவிர, இறந்தவர்கள்மேல் பழி போடவில்லை. அப்புறம், நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம். அந்த இறப்புக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் சொல்லிவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த நேரத்திலும், தமக்குப் பெருமை தரும் பேச்சை ஏற்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: சமயத்தில் இருப்பவர்கள் அரசியல் பேசலாமா?

பதில்: தாராளமாக. 1963-ல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதமே, போராட இது நேரமில்லை என்ற சமயத் தலைவர்களுக்கான பதில்தான். அநீதியைக் கண்டித்துப் பேசுங்கள். கட்சிக்கு ஓட்டுக் கேட்க மட்டும் கடவுளைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: ஒரு துயரம் நடந்த அன்றே கருத்துக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: முடிந்தவரை விளக்கம் சொல்ல மாட்டேன். விவிலியத்தில் யோபு என்ற நல்லவர் எல்லாவற்றையும் இழந்து தவிக்கிறார். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டிக்கிறார்.

கேள்வி: ஒருவர் வசனத்தைச் செய்தியோடு சரியாகத்தான் பொருத்துகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் படித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், அவருக்குச் செய்தியே சரியாகத் தெரியுமா என்பது. போப் பிரான்சிஸ் 2015-ல் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலின் முதல் அதிகாரம் மாசு, பருவநிலை, தண்ணீர் என்று நிலவரத்தைத்தான் பேசுகிறது. விவிலியத்துக்கு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறார். அந்த வரிசையில் பேசுகிறவர் என்றால் நம்பிக் கேட்பேன்.