வாசகர் கேள்வி பதில்: வயலில் விளையும் எரிபொருள்

கேள்வி: இந்தியாவில் பெற்றோலுடன், கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் எரிசாராயமான எதனோல் 20 வீதம் கலக்கப்படுவதாகவும், அதனால் விவசாயிகள் பயனடைவதாகவும் வாசித்தேன். டொலருக்குத் திண்டாடும் இலங்கையும் இதனைப் பின்பற்றலாம் அல்லவா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இந்தியா தனது 2018 ஆம் ஆண்டு உயிரெரிபொருள் கொள்கையில் 20 வீதக் கலப்புக்கு 2030 ஐ இலக்காக வைத்து, பின்னர் அதனை 2025-26 க்கு முன்னகர்த்தி, 2025 இலேயே எட்டிவிட்டது. சீனி ஆலைகள் கரும்பு விவசாயிகளுக்கு வைத்திருந்த நிலுவையைத் தீர்க்க எதனோல் வருமானம் உதவியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் 2023 இல் மழை குறைந்து கரும்பு விளைச்சல் பற்றிய அச்சம் எழுந்தபோது, அதே அரசாங்கம் சீனியைக் காப்பதற்காகக் கரும்புச்சாற்றிலிருந்து எதனோல் தயாரிப்பதை டிசெம்பரில் கட்டுப்படுத்தியது; கலப்பு இலக்கை மட்டும் குறைக்கவில்லை. வடிசாலைகள் சோளத்தை நாடின. சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024 இல் அதனை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. சோளம் பயிரிட்டவருக்கு நல்ல விலை கிடைத்தபோது, கோழி வளர்ப்பவருக்குத் தீவனச் செலவு ஏறியது. அத்துடன் முடியவில்லை: எதனோல் வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கை மலிவான தீவனமாகச் சந்தைக்கு வந்து சோயாப் பிண்ணாக்குக்குப் போட்டியானதால், சோயா பயிரிட்டவர்களும் அதன் சுமையை உணர்ந்தனர்.

எதனோலைக் கட்டாயம் கலக்கவேண்டும் என்று அரசாங்கம் ஆணையிடும்போது, ஒரு பயிருக்கு என்றும் பின்வாங்காத ஒரு கொள்வனவாளரை உருவாக்கிவிடுகிறது. உபரி விளைச்சல் உள்ள நாட்டில் அது விவசாயிக்குத் துணை. எமது நிலைமையோ வேறு. அநுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களில் பெரும்போக மழையை நம்பி விளையும் சோளம் கால்நடைத் தீவனத்துக்கே போதுவதில்லை. பெல்வத்தை, செவனகல, ஹிங்குராணை ஆலைகளின் சீனி நாட்டின் தேவையில் ஒரு சிறு பங்கையே நிறைவு செய்கிறது. சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்படும் எதனோல் மதுபான உற்பத்திக்குச் செல்கிறது. அதில் கிடைக்கும் வரியை நினைத்தால், எந்த நிதியமைச்சரும் அதனை வாகனங்களுக்குத் திருப்ப அவசரப்படமாட்டார்! பெற்றோலில் மிச்சம் பிடிக்கும் டொலரைச் சோளத்துக்கும் சீனிக்கும் செலவிடுவதில் எனக்கு இலாபம் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: அப்படியாயின் பயிரிலிருந்து எரிபொருள் என்பதே இலங்கைக்குப் பொருந்தாதா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: உணவுப் பயிரின் நிலத்தைப் பிடிக்காத பயிராயின் பொருந்தும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக, வேலியிலும் தென்னைகளுக்கு இடையிலும் வளரும் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) 2005 இலேயே அறிவிக்கப்பட்டது. அதன் இலை பசளையாகும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகும். கிளைகளைத் தொழிற்சாலைக் கொதிகலன்களிலும் சிறு மின்நிலையங்களிலும் எரிக்கலாம். ஆனால் எடைக்கேற்ற விலையற்ற விறகை லொறியில் நெடுந்தூரம் ஏற்றிச் சென்றால் வாடகையே இலாபத்தைத் தின்றுவிடும். எனவே கொள்வனவு நிலையங்களைக் கிராமங்களுக்கு அருகில் அமைத்து, விறகின் விலையை முன்கூட்டியே அறிவித்தால்தான் சிறு விவசாயி இதில் இறங்குவார்.