சிங்கப்பூர் போகிற இடத்தில் யோகா பயிற்சி: சேரலாமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். வயது 54. சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறார். பக்கத்து ஸ்டுடியோவில் 24 நாளில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி நடக்கிறதாம். அதை முடித்துவிட்டு வந்து, வீட்டு முகப்பில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர ஆசை. பிபி மாத்திரை சாப்பிடுகிறார். வலது முழங்காலில் வலி உண்டு. சேரலாமா என்று கேட்கிறார்.

ஆச்சி, உங்கள் ஆசை ரொம்ப நல்ல ஆசை. வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். ஆசிரியர் பயிற்சி மட்டும் இப்போது வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 நாளில் 200 மணி என்றால், ஒரு நாள்கூட லீவு இல்லாமல் தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பாடம் கேட்பதும் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்துதான். ஏற்கெனவே வலிக்கிற முழங்காலுக்கு இது அதிகம்.

அடுத்தது சான்றிதழ். இந்த 200 மணி நேர அளவு, அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமைப்பால் பரவியது. அது அரசு தரும் உரிமம் இல்லை. உங்கள் வீட்டு முகப்பில் நாலு பேருக்குச் சொல்லித்தர எந்தச் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. பிற்பாடு பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போக நினைத்தால், ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வுதான் நம் நாட்டில் கைகொடுக்கும். முறையாகப் படிக்க, இதோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே யோகா படிப்பு இருக்கிறது.

விசா விஷயம் சுருக்கமாக: வருகைப் பாஸில் போகிறவர்கள், பாஸ் காலத்துக்குள்ளோ 30 நாளுக்குள்ளோ, எது முதலில் வருகிறதோ அதற்குள் முடிகிற குறுகிய பயிற்சியில் சேரலாம். அதே பாஸில் சம்பளத்துக்கு வகுப்பு எடுக்கக் கூடாது. கிளம்புமுன் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் மகளை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எந்த வகுப்பு? ஹாட் யோகா என்று பலகை போட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். அறையைக் கிட்டத்தட்ட 40 டிகிரிக்குச் சூடாக்கியிருப்பார்கள், பிபி உள்ளவர்களுக்கு ஆகாது. வின்யாசா என்றால் வேகம் அதிகம். அய்யங்கார் முறை கிடைத்தால் அதையே எடுங்கள். பி.கே.எஸ். அய்யங்கார் புனேயில் வளர்த்த முறை அது. நாற்காலி, பெல்ட், கட்டை, மடித்த போர்வை என்று உடம்புக்கு முட்டுக் கொடுத்துச் செய்ய வைப்பார்கள். காரைக்குடியில் என்னிடம் வருகிற முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பதும் நாற்காலிதான்.

முதல் நாள் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். ஒரு படிவம் தருவார்கள். அதில் பிபி, முழங்கால், மாத்திரையின் பெயர் மூன்றையும் எழுதுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சில இடங்களில் விரிப்பின் தலைமாட்டில் வைக்கச் சின்ன வில்லை ஒன்று தருவார்கள். ஒரு பக்கம் திருப்பி வைத்தால் ஆசிரியர் தொட்டுத் திருத்தலாம், மறு பக்கம் என்றால் தொடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. நம் ஊர் வகுப்புகளுக்கும் வர வேண்டும். வில்லை இல்லாவிட்டால், முழங்காலைப் பிடித்து அழுத்த வேண்டாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

தலைகீழாகச் செய்கிற சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை அடக்கிச் செய்கிற பிராணாயாமம், பஸ்திரிகா என்கிற வேக மூச்சு இவை எதுவும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல், உட்காரச் சொன்னால் நாற்காலி கேளுங்கள். விமானத்தில் போய் இறங்கியதும் கால் வீங்கியிருக்கலாம். முதல் இரண்டு நாள் நடை போதும். அப்புறம், மகள் காலையில் பணியாரம் சுட்டுப் போட்டால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வகுப்பு.

திரும்பி வந்ததும் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுமனே நின்று செய்யாதீர்கள், வியர்வை பட்டால் வழுக்கும். வருகிற பெண்களுக்கும் பிடிமானமுள்ள விரிப்பு இருக்கட்டும். ஆறு மாதம் நீங்கள் விடாமல் செய்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு ஆசிரியர் பயிற்சியைப் பேசலாம். அந்த ஸ்டுடியோவுக்கு முன்பணம் எதுவும் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால், அதைச் சாதாரண வகுப்புகளுக்கு மாற்றித் தரச் சொல்லி மகளை இன்றே கேட்கச் சொல்லுங்கள்.